32 போர்ட் கன்சோல் சர்வர்: சில போர்ட்டில் குப்பை எழுத்து, சிலதில் ஒன்றுமே இல்லை

#1 ராக்காவலர்

வணக்கம். ஆள் யாரும் இல்லாத ஒரு சர்வர் அறைக்கு 32 போர்ட் கன்சோல் சர்வர் (பல பெட்டிகளின் சீரியல் கன்சோல்களை வலை வழியாக ஒரே இடத்திலிருந்து அணுக வைக்கும் பெட்டி) ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறோம். எல்லாம் ஆர்ஜே-45 போர்ட். இதுவரை லேப்டாப்பையும் ஒரு யூஎஸ்பி சீரியல் கேபிளையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகப் போய் வேலை பார்த்துப் பழகியவன் நான். இத்தனை சீரியல் போர்ட்டுகளை ஒரே இடத்தில் செட் செய்வது இதுதான் முதல் முறை.

எல்லா போர்ட்டையும் 9600 வேகம் (நொடிக்கு இத்தனை பிட்), 8 டேட்டா பிட், பேரிட்டி (பிழை கண்டறியும் கூடுதல் பிட்) இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று ஒரே மாதிரி வைத்தேன். 28 பெட்டிகள் இணைத்ததில் 21 உடனே வேலை செய்தன. மீதி இப்படி:

மூன்று போர்ட்டுகளில் எதுவும் வரவில்லை. எண்டர் தட்டினால்கூடப் பதில் இல்லை.
இரண்டு போர்ட்டுகளில் குப்பை எழுத்துகள்.
மின்சாரப் பட்டை ஒன்றில் எழுத்துகள் பாதி சரியாக வருகின்றன, பாதி தப்பாக வருகின்றன. இதுதான் எனக்குப் புரியவே இல்லை.
ஒரு லினக்ஸ் பெட்டியின் லாகில் "லாகின் தோல்வி" என்று நொடிக்கு நொடி பதிவாகிறது. அந்த போர்ட்டில் நான் கை வைக்கவே இல்லை.

இதோடு, நேற்று கன்சோல் சர்வரை ஒருமுறை ரீபூட் செய்தேன். அதே நேரத்தில் பழைய யூனிக்ஸ் சர்வர் ஒன்று நின்றுவிட்டது. தற்செயலா, தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

அறையைப் பூட்டிவிட்டு வந்தால் அடுத்து எப்போது போவேன் என்று சொல்ல முடியாது. அதனால் இப்போதே சரியாக முடிக்க நினைக்கிறேன்.

#2 செம்புக்கம்பி

முதலில் ஒன்றும் வராத அந்த மூன்றைப் பார்ப்போம். செட்டிங் பக்கத்தை மூடிவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள்.

சீரியல் கன்சோலுக்கு ஆர்ஜே-45 பயன்படுத்துபவர்கள் எல்லோரும் ஒரே பின் வரிசையைப் பின்பற்றுவதில்லை. அதிகம் புழங்குவது சிஸ்கோ வரிசை. பெட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் 3 அனுப்பும் பின், 6 வாங்கும் பின், 4-ம் 5-ம் கிரவுண்ட். 1-ம் 2-ம் பெட்டி வெளியே கொடுக்கும் ஆர்டிஎஸ், டிடிஆர் (தயார் என்று சொல்லும் சமிக்ஞைகள்). 7-ம் 8-ம் உள்ளே வாங்கும் டிஎஸ்ஆர், சிடிஎஸ். இந்த வரிசையை நடுவில் மடித்துப் பாருங்கள். 1-க்கு எதிரே 8, 2-க்கு எதிரே 7, 3-க்கு எதிரே 6. வெளியே வருவதெல்லாம் உள்ளே போவதற்கு எதிரே நிற்கிறது, கிரவுண்ட் கிரவுண்டோடு சேர்கிறது. ரோல்ஓவர் கேபிள் செய்வது இவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

சிக்கல் எங்கே என்றால், சில கன்சோல் சர்வர்கள் இந்தத் திருப்பத்தைத் தங்கள் போர்ட்டுக்குள்ளேயே செய்துவிடுகின்றன. அவற்றுக்குச் சாதாரண நேர் பேட்ச் கேபிள் போதும். ரோல்ஓவர் போட்டால் இரண்டு முறை திரும்பி, அனுப்பும் பின் அனுப்பும் பின்னோடு முட்டிக்கொள்ளும். வேறு சிலவற்றில் இதை மென்பொருளிலேயே போர்ட் வாரியாக மாற்றலாம். உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். அப்புறம் மீட்டரால் உறுதி செய்யுங்கள்.

கேபிளைக் கழற்றிவிட்டு, கிரவுண்ட் பின்னில் கறுப்பு முனையை வைத்து மற்ற பின்களை ஒவ்வொன்றாக அளங்கள். ஆர்எஸ்-232-ல் (இந்த சீரியல் போர்ட்டுகளின் மின் தரநிலை) சும்மா இருக்கும் அனுப்பும் கம்பி மைனஸில் இருக்கும். பெரும்பாலும் மைனஸ் 5-க்கும் மைனஸ் 12 வோல்ட்டுக்கும் இடையில் எங்காவது காட்டும். இயக்கத்தில் உள்ள ஆர்டிஎஸ், டிடிஆர் ப்ளஸ்ஸில் இருக்கும். வாங்கும் பின்கள் ஏறக்குறைய பூஜ்யம். பெட்டி, கன்சோல் சர்வர் இரண்டையும் இப்படி அளந்து தாளில் எழுதுங்கள். ஒரு பக்கத்தின் மைனஸ் மறுபக்கத்தின் பூஜ்யத்தில் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் விதி.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் சின்ன போர்டு கணினி ஏதாவது இருந்து, அதன் சீரியல் பின்கள் 3.3 வோல்ட் வகையாக இருந்தால் நேரடியாக மாட்டாதீர்கள். ஆர்எஸ்-232 மின்னழுத்தம் அதைக் கொன்றுவிடும். நடுவில் மாற்றி வேண்டும்.

#3 ராக்காவலர்

மீட்டர் யோசனை அருமை. மூன்றில் இரண்டு அப்படித்தான் இருந்தன. எங்கள் கன்சோல் சர்வர் நேர் கேபிள் வகை. அந்த இரண்டு ஸ்விட்ச்சுகளோடு வந்த வெளிர்நீலப் பட்டைக் கேபிளை அப்படியே எடுத்துச் செருகியிருக்கிறேன். பேட்ச் கேபிள் மாற்றியதும் ப்ராம்ப்ட் வந்துவிட்டது.

மூன்றாவது ஒரு லினக்ஸ் சர்வர். அதன் பின்பக்கம் ஒன்பது பின் டிபி-9. அளந்தால் மின்னழுத்தமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்றும் வரவில்லை.

#4 பழையமுனையம்

அந்த லினக்ஸ் சர்வரைக் கர்னல்வாசி வந்து பார்க்கட்டும், அவர் துறை அது. நான் குப்பை எழுத்துகளைப் பற்றிச் சொல்கிறேன்.

குப்பை என்றால் அழித்துவிட்டு வேறு வேகம் முயல்வதுதான் எல்லோரும் செய்வது. கொஞ்சம் நின்று பார்த்தால் அந்தக் குப்பையே பதில் சொல்லும். 9600-ல் ஒரு பிட் சுமார் 104 மைக்ரோ நொடி நீளம். 115200-ல் 8.7 மைக்ரோ நொடிதான். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். பெட்டி 115200-ல் பேச, நீங்கள் 9600-ல் கேட்டால், முழு எழுத்து ஒன்று உங்கள் ஒரு பிட்டின் நேரத்துக்குள் முடிந்துவிடும். பல எழுத்துகள் ஒன்றாகக் குழைந்து ஒரே ஒரு குப்பை எழுத்தாக வரும். அதாவது ஒரு பெரிய திரை முழுக்க வரவேண்டிய இடத்தில் நாலைந்து குறிகள்தான் வரும். இதற்கு நேர்மாறாக, நீங்கள் 115200-ல் இருந்து பெட்டி 9600-ல் பேசினால், ஒரு எழுத்துக்குப் பல குப்பைகள் கொட்டும். எனவே குப்பை குறைவு என்றால் வேகத்தைக் கூட்டுங்கள், அதிகம் என்றால் குறையுங்கள். 9600, 115200, 38400, 19200 என்ற நான்கிலேயே பெரும்பாலான பெட்டிகள் அடங்கிவிடும்.

மின்சாரப் பட்டை விஷயம் இன்னும் சுவையானது. வேகம் தவறென்றால் எல்லாமே குப்பையாக வந்திருக்கும். பாதி சரியாக வருகிறது என்றால் வேகம் சரி, பேரிட்டிதான் பொருந்தவில்லை. அந்தப் பட்டை 7 டேட்டா பிட், இரட்டைப் பேரிட்டி, 1 ஸ்டாப் பிட் என்று பேசுகிறதாக இருக்கும். 7 பிட்டும் ஒரு பேரிட்டியும் சேர்ந்தால் 8. நீங்கள் கேட்பதும் 8. மொத்த நீளம் ஒத்துப்போவதால் சட்டகம் உடையாது, ஆனால் பேரிட்டி பிட்டை எழுத்தின் எட்டாவது பிட்டாகப் படித்துவிடுகிறீர்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஏ, பி, டி ஆகியவற்றில் இரண்டு ஒன்றுகள், அதாவது இரட்டை. பேரிட்டி பூஜ்யமாகிவிடும், எழுத்து ஒழுங்காக வரும். சி-யில் மூன்று ஒன்றுகள். பேரிட்டி ஒன்றாகிவிடும், வேறு ஏதோ குறியாகத் தெரியும். எண்களில் 0-ம் 3-ம் சரியாக வரும், 1-ம் 2-ம் கெட்டுப்போகும். உங்கள் திரையில் இப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

#5 ராக்காவலர்

அப்படியே இருக்கிறது! 0, 3 எல்லாம் ஒழுங்காக, 1, 2 மட்டும் கோணல் குறிகள். 7 பிட், இரட்டைப் பேரிட்டி என்று மாற்றியதும் முழு மெனுவும் தெரிந்தது. இரண்டு நாளாக கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்ற இரண்டு குப்பை போர்ட்டுகளிலும் நாலைந்து குறிகள்தான் வந்தன. 115200 வைத்ததும் சரியாகிவிட்டன. இரண்டும் சேமிப்பகப் பெட்டிகள்.

சரி, இனி எல்லாவற்றையும் 115200-க்கே மாற்றிவிடலாமா? ஒரே வேகம் என்றால் நினைவு வைத்துக்கொள்ள எளிது. பெரிய கன்ஃபிக் பார்க்கும்போது 9600 பொறுமையைச் சோதிக்கிறது.

#6 கர்னல்வாசி

மாற்றிவிடுங்கள் என்பேன். 9600-ல் நொடிக்கு 960 எழுத்துதான். லினக்ஸ் கர்னல் தன் பூட் செய்திகளை சீரியல் கன்சோலுக்கு எழுதி முடிக்கும்வரை அந்த இடத்திலேயே காத்திருக்கும். செய்திகள் அதிகம் உள்ள பெரிய சர்வரில் பூட் நேரமே கண்ணுக்குத் தெரியும் அளவு கூடிவிடும். 115200-ல் நொடிக்கு 11520 எழுத்து. இந்தக் காலத்தில் 9600-ல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

#7 இரவுப்பணி

கர்னல்வாசி சொல்வது லினக்ஸ் சர்வர்களுக்குச் சரி. ரூட்டர், ஸ்விட்ச்சுகளுக்கு வேண்டாம். அனுபவத்தில் சொல்கிறேன்.

ரூட்டரின் கன்சோலுக்கு நீங்கள் எப்போது ஓடுவீர்கள்? கன்ஃபிக் அழிந்தபோது, ஃப்ளாஷ் கெட்டபோது, மாற்றுப் பெட்டி புதிதாக வந்து இறங்கியபோது. அந்த நேரங்களில் பெட்டி தொழிற்சாலை வேகத்துக்குத் திரும்பியிருக்கும். சிஸ்கோ, ஜூனிப்பர், அரிஸ்டா பெட்டிகளில் பெரும்பாலானவை இயல்பாக 9600. நாங்கள் ஒருமுறை ஸ்விட்ச்சுகளை எல்லாம் 115200-க்கு மாற்றி வைத்திருந்தோம். பழுதான ஒன்றுக்கு மாற்றாக வந்த பெட்டி 9600-ல் பேச, இரவு இரண்டு மணிக்கு போர்ட்டில் குப்பை. பெட்டியே கெட்டது என்று முடிவு கட்டி இன்னொன்று வரவழைத்தோம். அதுவும் அதே குப்பை. வேகம் என்று தோன்றவே விடிந்துவிட்டது.

நெட்வொர்க் பெட்டிகளை அவற்றின் இயல்பு வேகத்திலேயே விடுங்கள். மெதுவாக இருந்தால் இருக்கட்டும்.

#8 கர்னல்வாசி

இதை நான் யோசிக்கவில்லை. ஏற்றுக்கொள்கிறேன். லினக்ஸ் சர்வர்கள் 115200, மற்றவை அதனதன் இயல்பு வேகம்.

லினக்ஸ் பக்கம் ஒரு கவனம். அங்கே வேகம் நான்கு இடங்களில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். பயாஸின் சீரியல் திருப்பம் (பயாஸ் திரையை சீரியலுக்கு அனுப்புவது), க்ரப் (பூட் லோடர்), கர்னலின் கன்சோல் அளவுரு, கடைசியாக லாகின் ப்ராம்ப்ட் தரும் கெட்டி. சிஸ்டம்டி உள்ள விநியோகங்களில் கர்னல் அளவுருவைப் பார்த்து கெட்டி தானாக எழுந்துகொள்ளும். மற்ற மூன்றையும் நீங்கள்தான் ஒத்துப்போக வைக்க வேண்டும். ஒன்று மாறினாலும் பூட் நடுவில் திடீரென்று குப்பையாகி, கொஞ்சம் கழித்துத் தானாகத் தெளியும். எந்தக் கட்டத்தில் குப்பை வருகிறதோ அந்தக் கட்டத்தின் செட்டிங்தான் தவறு.

கன்சோல் அளவுருவை இரண்டு முறை கொடுக்கலாம், திரைக்கு ஒன்று, சீரியலுக்கு ஒன்று. கடைசியாக எழுதுவதுதான் முதன்மைக் கன்சோல் ஆகும். சீரியலைக் கடைசியில் எழுதுங்கள். கோப்பு முறைமை பழுதாகி அவசர ஷெல் வரும்போது அது உங்கள் கண்ணில் பட வேண்டும், யாரும் பார்க்காத திரையில் அல்ல.

இப்போது பேசாத அந்த சர்வர். டிபி-9 போர்ட் உங்கள் கண்ணுக்கு ஒன்று என்றாலும் கர்னலுக்கு இரண்டு சீரியல் போர்ட்டுகள் தெரியலாம். ஒன்று பின்பக்கத்து உண்மையான போர்ட். இன்னொன்று மேலாண்மைச் சில்லுக்குள் ஓடுவது, ஐபிஎம்ஐ (தொலைவிலிருந்து சர்வரை மேலாளும் முறை) வழியாக வலையில் போவது. லினக்ஸ் இவற்றுக்கு வைக்கும் பெயர்களில் டிடிஒய்எஸ்0 எது, டிடிஒய்எஸ்1 எது என்பது பயாஸைப் பொறுத்தது. ப்ராக் அடைவில் டிடிஒய், ட்ரைவர் என்று உள்ளே போனால் சீரியல் என்ற கோப்பு இருக்கும். ரூட்டாக அதைப் படியுங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் எத்தனை எழுத்து போனது, வந்தது, எந்தெந்த சமிக்ஞைக் கம்பிகள் உயிரோடு இருக்கின்றன என்று காட்டும். கன்சோல் சர்வரிலிருந்து சில எழுத்துகளைத் தட்டிவிட்டு மறுபடி படித்தால், எந்த போர்ட்டில் எண்ணிக்கை கூடியதோ அதுதான் உங்கள் கேபிள் இருக்கும் போர்ட். தட்டிய பிறகும் எதிலும் கூடவில்லை என்றால், போர்ட்டை எந்த நிரலும் திறக்காமல் இருக்கலாம். ஒரு ஷெல்லில் கேட் கட்டளையால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு மீண்டும் தட்டிப் பாருங்கள்.

#9 ராக்காவலர்

டிடிஒய்எஸ்1-தான்! கர்னல் அளவுருவில் 0 என்று இருந்ததை 1 ஆக்கி ரீபூட் செய்தேன். க்ரப் மெனுவிலிருந்து லாகின் வரை எல்லாம் வருகிறது.

அடுத்தது அந்த "லாகின் தோல்வி" விவகாரம். யாராவது தாக்குகிறார்களோ என்று முதலில் பயந்தேன்.

#10 பழையமுனையம்

தாக்குதல் இல்லை. இரண்டு லாகின் ப்ராம்ப்ட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன.

கன்சோல் சர்வர் போர்ட்டுக்கு இரண்டு பயன்பாடுகள் உண்டு. ஒன்று, வலையிலிருந்து வருபவரை மறுபக்கத்துப் பெட்டியின் கன்சோலுக்குக் கூட்டிப்போவது. மற்றது, சீரியல் பக்கத்திலிருந்து வருபவருக்குக் கன்சோல் சர்வர் தானே லாகின் கொடுப்பது. மோடம், நேரடி முனையம் ஆகியவற்றுக்கானது. உங்கள் போர்ட் இரண்டாவது நிலையில் இருக்கிறது. லினக்ஸ் பெட்டி "லாகின்:" என்று எழுதுகிறது. கன்சோல் சர்வர் அதை ஒரு பயனர் பெயர் என்று எடுத்துக்கொண்டு "பாஸ்வேர்டு:" என்று பதில் எழுதுகிறது. பெட்டி அதைப் பயனர் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஓயாமல் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே இருக்கும். போர்ட்டின் பயன்பாட்டைக் கன்சோல் நிலைக்கு மாற்றினால் அடங்கிவிடும்.

பழைய சிஸ்கோ 2511 போன்ற ரூட்டர்களை 16 போர்ட் டெர்மினல் சர்வராக வைத்திருப்பவர்கள் இதையே வேறு பெயரில் அறிவார்கள். அந்த லைன்களில் "நோ எக்ஸெக்" கொடுக்காவிட்டால் மறுபக்கத்து இரைச்சல் ஒரு எக்ஸெக்கை (ரூட்டரின் சொந்தக் கட்டளை செஷனை) எழுப்பிவிடும். லைன் பிஸி என்று சொல்லி உங்களை உள்ளே விடாது.

#11 ராக்காவலர்

சரியாகிவிட்டது. ஃப்ளோ கன்ட்ரோல் (மறுபக்கம் தயாராகும்வரை அனுப்புவதை நிறுத்தி வைப்பது) பற்றி ஒரு சந்தேகம். ஒரு ஸ்விட்ச்சில் 400 வரி கன்ஃபிக் ஒட்டினேன். நடுநடுவே எழுத்துகள் காணாமல் போயின. ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் போட்டால் தீருமா?

#12 செம்புக்கம்பி

போடுங்கள். எட்டுக் கம்பியும் ஒழுங்காக இருக்கும் கேபிள்தானே. ஆர்டிஎஸ், சிடிஎஸ் அதற்காகத்தான் இருக்கின்றன.

#13 கர்னல்வாசி

இதில் செம்புக்கம்பியோடு நான் உடன்படவில்லை. மறுபக்கம் அந்தக் கம்பிகளை மதிக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போடுங்கள். ரூட்டர், ஸ்விட்ச் கன்சோல்கள் பலவற்றில் பின் இருக்கும், ஆனால் பெட்டி அதைக் கண்டுகொள்ளாது. அப்படிப்பட்ட இடத்தில் கன்சோல் சர்வர் சிடிஎஸ்ஸுக்காகக் காத்திருந்தால் நீங்கள் தட்டுவது போய்ச் சேராது. வெளியே வருவது தெரியும், உள்ளே போகாது. இந்த அறிகுறியை மனதில் வையுங்கள், நிறைய பேரை அலைக்கழித்திருக்கிறது.

லினக்ஸ் பக்கம் இன்னும் மோசம். கர்னல் கன்சோல் அளவுருவின் கடைசியில் ஆர் என்ற எழுத்தைச் சேர்த்தால் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் இயங்கும். அப்புறம் கேபிளில் சிடிஎஸ் வராமல் போனால் கர்னல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நொடி வரை காத்திருக்கும். பூட் நின்றேவிட்டது என்று நினைப்பீர்கள். கன்சோல் கேபிளைக் கழற்றியதால் உற்பத்தி சர்வர் முடங்குவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

எழுத்து தொலைவதற்கு மருந்து, மெதுவாக ஒட்டுவது. உங்கள் டெர்மினல் நிரலில் வரிக்கு வரி இடைவெளி கொடுக்க வசதி இருக்கும். 100 மில்லி நொடியில் ஆரம்பியுங்கள்.

#14 செம்புக்கம்பி

நான் பார்த்த பெட்டிகளில் பெரும்பாலும் மதித்தன. ஆனால் கேபிள் கழன்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சரி, இயல்பாக ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டாம், சோதித்த போர்ட்டுகளில் மட்டும் இயக்கலாம்.

மென்பொருள் ஃப்ளோ கன்ட்ரோலையும் அணைத்துவிடுங்கள். கன்ட்ரோல்-எஸ் தட்டினால் திரை உறைந்துவிடும், கன்ட்ரோல்-க்யூ தட்டினால்தான் மீளும். எக்ஸ்மோடம் (சீரியலில் கோப்பு அனுப்பும் முறை) வழியாக ஃபர்ம்வேர் ஏற்றும் நாளில் அந்தக் கோப்புக்குள்ளேயே அந்த இரண்டு பைட்டுகளும் வரும். ஏற்றம் பாதியில் நின்றுவிடும்.

#15 பழையமுனையம்

நின்றுபோன யூனிக்ஸ் சர்வரை யாரும் இன்னும் தொடவில்லை. இந்த இழையிலேயே மிக ஆபத்தானது அதுதான்.

ஸ்பார்க் இயந்திரத்தில் சோலாரிஸ் ஓடுகிறதா? அப்படியானால் தற்செயல் இல்லை. சீரியல் கம்பியை ஒரு எழுத்தின் நேரத்துக்கும் மேலாகப் பூஜ்ய நிலையிலேயே பிடித்து வைத்தால் அதற்கு ப்ரேக் என்று பெயர். அது எழுத்து அல்ல, கம்பியின் நிலை. கன்சோலில் ப்ரேக் வந்தால் ஸ்பார்க் இயந்திரம் இயங்குதளத்தை நிறுத்திவிட்டு ஓகே ப்ராம்ப்ட்டில் (ஃபர்ம்வேரின் கட்டளை வரியில்) போய் நிற்கும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், ஓடும் இயந்திரத்தைப் பிடித்து நிறுத்த ஒரு வழி வேண்டுமே. கன்சோல் சர்வருக்கு மின்சாரம் போகும்போதும் வரும்போதும் அனுப்பும் கம்பி ஒரு கணம் நிலை தடுமாறும். மறுபக்கத்துக்கு அது ப்ரேக்காகத் தெரியலாம்.

ஓகே ப்ராம்ப்ட்டில் கோ என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நிரந்தரத் தீர்வு, கேபிடி கட்டளையால் மாற்று நிறுத்த வரிசையை இயக்குவது. அதற்குப் பிறகு ப்ரேக்கை அது பொருட்படுத்தாது. எண்டர், டில்டே, கன்ட்ரோல்-பி என்று மூன்றையும் வரிசையாகத் தட்டினால்தான் நிற்கும்.

இதனால் ப்ரேக்கை வெறுத்துவிடாதீர்கள். சிஸ்கோ ரூட்டரின் பாஸ்வேர்டு மறந்துபோனால், பூட் ஆகும் முதல் 60 நொடிக்குள் ப்ரேக் அனுப்பித்தான் ராம்மான் (ரூட்டரின் மீட்பு நிலை) நிலைக்குள் போக முடியும். லினக்ஸில் சிஸ்ரெக் (கர்னலுக்கு நேரடியாக அவசரக் கட்டளை தரும் வசதி) இயக்கத்தில் இருந்தால் ப்ரேக்கும் அடுத்து ஒரு எழுத்தும் உறைந்துபோன கர்னலையும் பேச வைக்கும். ஓபன்எஸ்எஸ்எச் வழியாகப் போகிறீர்கள் என்றால் எண்டர் தட்டி, டில்டே, பெரிய பி. மறுபக்கத்துக் கன்சோல் சர்வர் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். 2006-ல் வந்த ஆர்எஃப்சி 4335 இதற்கான நெறிமுறை. ஒரு போர்ட்டிலாவது இப்போதே முயன்று பாருங்கள். தேவைப்படும் நாளில் முதல் முறையாகச் செய்யாதீர்கள்.

#16 ராக்காவலர்

சோலாரிஸ்தான். நான் அன்று பயந்துபோய் முழுக்க ரீபூட் செய்துவிட்டேன். கோ என்று தட்டியிருந்தால் போதும் என்று இப்போதுதான் தெரிகிறது. மாற்று வரிசையை இயக்கிவிட்டேன். வேலை நேரம் முடிந்த பிறகு கன்சோல் சர்வரின் மின்சாரத்தை இரண்டு முறை துண்டித்துப் பார்த்தேன். யூனிக்ஸ் சர்வர் அசையவில்லை.

#17 இரவுப்பணி

நல்லது. அணுகல் பக்கமும் ஒழுங்கு செய்துவிடுங்கள். பெரும்பாலான கன்சோல் சர்வர்களில் ஒவ்வொரு சீரியல் போர்ட்டுக்கும் ஒரு டிசிபி எண் இருக்கும். 2000-த்தோடு போர்ட் எண்ணைக் கூட்டினால் டெல்நெட், 3000-த்தோடு கூட்டினால் எஸ்எஸ்எச் என்பது போல. கணக்கு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். டெல்நெட்டையும், பாஸ்வேர்டு கேட்காத கச்சா டிசிபி-யையும் எல்லா போர்ட்டிலும் அணையுங்கள். கன்சோலில் தட்டப்படுவதெல்லாம் ரூட் பாஸ்வேர்டுகள்.

அப்புறம், செஷனை விட்டு வெளியேறுவதும் லாக்அவுட் ஆவதும் வேறு வேறு. நீங்கள் எஸ்எஸ்எச்சை மூடினால் பெட்டிக்கு அது தெரியாது. ரூட் ஷெல் திறந்தபடியே கிடக்கும், அடுத்து வருபவர் நேராக அதில் போய் இறங்குவார். செஷன் மூடும்போது கன்சோல் சர்வர் டிடிஆரைக் கீழே இறக்கும்படி வைக்கலாம், பெட்டி அதை மதித்தால் பயன். மதிக்காதவற்றில் பெட்டியிலேயே கால வரம்பு வையுங்கள். சிஸ்கோவில் இயல்பாக 10 நிமிடம் இருக்கிறது, எரிச்சலில் அதைப் பூஜ்யமாக்கி விடாதீர்கள்.

போர்ட் லாகை எல்லா போர்ட்டிலும் இயக்குங்கள். கர்னல் பேனிக் ஆகும்போது கடைசிச் செய்தி வட்டுக்குப் போகாது, சீரியலுக்குத்தான் வரும். யாரும் இணைந்திருக்காத நேரத்திலும் கன்சோல் சர்வர் கேட்டுக்கொண்டே இருந்து எழுதி வைப்பதுதான் அதன் பெரிய மதிப்பு. பெட்டியிலிருந்து வருவதை மட்டும் பதியுங்கள். தட்டுவதையும் பதிந்தால் பாஸ்வேர்டுகள் அப்படியே கோப்பில் உட்கார்ந்துவிடும். நேரத்தை என்டிபி-யோடு ஒத்துப்போக வைத்து, லாகை வேறு இயந்திரத்துக்கும் அனுப்புங்கள்.

கடைசியாகப் பெயர். போர்ட் 14 என்று விடாதீர்கள், பெட்டியின் பெயரையே வையுங்கள். எங்கள் இடத்தில் முகப்பில் அச்சிட்ட எண் 1-ல் தொடங்கியது, ஒருவர் எழுதிய ஸ்கிரிப்ட் 0-வில் தொடங்கியது. நான் ரீபூட் செய்தது பக்கத்து சர்வரை. பெயர் வைத்த பிறகு ஒவ்வொரு போர்ட்டிலும் நுழைந்து, ப்ராம்ப்ட்டில் தெரியும் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 28 போர்ட்டுக்கும் சேர்த்து அரை மணி நேர வேலைதான்.

#18 ராக்காவலர்

ஒப்பிட்டேன். இரண்டு போர்ட்டுகள் இடம் மாறிக் கிடந்தன. இரண்டும் ஒரே மாதிரி ஸ்விட்ச்சுகள். மாற்றிவிட்டேன்.

பிறகு, எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஒரு சோதனை செய்தேன். அறையின் முதன்மை இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மொபைல் மோடம் வழியாகக் கன்சோல் சர்வருக்குள் நுழையப் பார்த்தேன். ப்ராம்ப்ட் வருகிறது, பாஸ்வேர்டு கொடுத்தால் நீண்ட நேரம் நின்று "அனுமதி இல்லை" என்கிறது. இணைப்பை மீண்டும் செருகினால் அதே பாஸ்வேர்டு வேலை செய்கிறது.

#19 செம்புக்கம்பி

உங்கள் கணக்குகள் எங்கே சரிபார்க்கப்படுகின்றன? ரேடியஸா, டாகாக்ஸா (பயனர் கணக்குகளை மையமாகச் சரிபார்க்கும் சேவைகள்)?

#20 ராக்காவலர்

டாகாக்ஸ். சர்வர் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. அங்கே போகும் வழி, நான் பிடுங்கிய அதே இணைப்பு.

#21 இரவுப்பணி

அதுதான். வலை செத்தால் காப்பாற்ற வந்த பெட்டி, உள்ளே விட அனுமதி கேட்டு அதே வலைக்குப் போகிறது. டாகாக்ஸ் பதில் சொல்லாவிட்டால் உள்ளூர்க் கணக்குக்கு இறங்கும்படி வரிசை வையுங்கள். "பதில் இல்லாவிட்டால்" என்பதும் "மறுத்தால்" என்பதும் பல பெட்டிகளில் தனித்தனித் தேர்வுகள், முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். காத்திருக்கும் நேரத்தையும் குறையுங்கள். எஸ்எஸ்எச் லாகின் நேர வரம்பு அதற்கு முன்பே தீர்ந்துவிட்டால் உள்ளூர்க் கணக்குக்கு வாய்ப்பே வராது. டிஎன்எஸ் பெயருக்குப் பதில் ஐபி முகவரி கொடுங்கள், பெயர் தேடுவதிலும் நேரம் போகும்.

#22 ராக்காவலர்

உள்ளூர்க் கணக்கு ஒன்று உருவாக்கி நீண்ட பாஸ்வேர்டு வைத்தேன். டாகாக்ஸ் காத்திருப்பு 3 நொடி. மறுபடி இணைப்பைப் பிடுங்கி மோடம் வழியாக நுழைந்தேன். உள்ளே விட்டது. அங்கிருந்து ரூட்டர் கன்சோலுக்குப் போய், இணைப்பு கீழே இருப்பதாக ரூட்டரே சொல்வதைப் படித்தேன். அறைக்கு வெளியே நின்றுகொண்டு அதைப் படித்தபோது ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை.

பாஸ்வேர்டை உறையில் போட்டு இரண்டு இடங்களில் வைத்திருக்கிறோம். நாளை காலை 28 போர்ட்டின் செட்டிங்குகளையும் ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து எடுத்துவிட்டு அறையைப் பூட்டுகிறேன்.

#23 பழையமுனையம்

பூட்டும் முன் அந்தக் கோப்பை அச்சிட்டு ராக்கின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். பெயர், வேகம், பேரிட்டி, கேபிள் வகை நான்கும் போதும். மின்சாரப் பட்டையின் 7 பிட்டை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.